ஒல்லாந்தாய்தம்போவின் ஆறு கற்கள்

அன்புள்ள முருகேசா,

வணக்கம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து நிம்மதி அடைந்தேன். பெரு நாட்டுப் பயணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாச்சு பிச்சுவைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். பாலம் கட்டிய உனக்கு நான் சொல்ல விரும்புவது ஒல்லாந்தாய்தம்போ கோட்டையைப் பற்றித்தான்.

உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில், அடுக்கடுக்கான படித்தளங்களுக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்துக்கும் மிகுந்த ஆறு பெருங்கற்கள் தோளோடு தோள் நிற்கின்றன. இடைவெளிகளில் ஒல்லியான கற்பட்டைகளைச் சாந்தே இல்லாமல் செருகியிருக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் பச்சாகுத்தி என்னும் இன்கா பேரரசர் காலத்தில் எழுந்த இந்த இடத்தில் வேலை பாதியில் நின்றுபோனது. கற்களின் முகத்தில் செதுக்கி நீக்காத புடைப்புகள் இன்னும் துருத்திக்கொண்டிருக்கின்றன. எப்படிக் கட்டினார்கள் என்பதை நமக்குக் காட்டிக்கொடுப்பதே இந்த அரைகுறைதான் என்பேன்.

கற்கள் வந்த கச்சிகாத்தா பாறைக்குழி ஆற்றின் அக்கரையில், எதிர்மலையின் உயரத்தில் இருக்கிறது. இரும்புக் கருவியும் சக்கர வண்டியும் இல்லாதவர்கள், சரிவில் இறக்கி, ஆற்றைக் கடத்தி, சாய்தளத்தின் வழியே மறுபடி மேலே இழுத்திருக்கிறார்கள். கோட்டையை எட்டாமல் வழியிலேயே தங்கிவிட்ட கற்கள் இன்றும் கிடக்கின்றன. ஜான்-பியர் புரோட்சன் என்னும் கட்டடக்கலைப் பேராசிரியர் இங்கு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, தரையில் இழுபட்டதால் வழவழப்பாகிக் கீறல் விழுந்த கல்முகங்களை அடையாளம் கண்டார். உருண்டைக் கற்களைச் சுத்தியலாகக் கொண்டு தாமே பாறையைக் கொத்தியும் பார்த்தார். இன்கா கற்களில் நடுவே பெரிதாக இருக்கும் கொத்துத் தழும்புகள் விளிம்பை நெருங்க நெருங்கச் சிறிதாகின்றன. விளிம்பு உடையாதிருக்கச் சிறிய சுத்தியலுக்கு மாறிய கையின் எச்சரிக்கை அது. வேற்றுக்கிரகத்தார் கட்டினார்கள் என்று பேசுவோரைக் கேட்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. முறைவைத்து அரசுக்கு உழைத்துத் தந்த ஊர் மக்களின் வேலையல்லவா இது!

ஸ்பானியரை எதிர்த்த இன்கா அரசர் மான்கோ இன்கா இங்கே தங்கியிருந்தபோது, 1537இல் ஸ்பானியத் தளபதி எர்னாந்தோ பிசாரோவின் படை தாக்கியது. இன்கா வீரர்கள் ஆற்றுநீரைத் திருப்பிவிட்டுச் சமவெளியை நனைத்து, குதிரைப்படையைத் தடுமாற வைத்துத் துரத்தினார்கள்.

ஐம்பது டன் கல்லொன்றைச் சாய்தளத்தில் கயிற்றால் இழுக்க எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிட்டு எழுது. சரிவு எட்டு டிகிரி என்று வைத்துக்கொள். உராய்வை உன் அனுபவத்தால் முடிவு செய். அத்தனை பேரும் நிற்க அந்தப் பாதையில் இடம் இருந்திருக்குமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
வேலாயுதம்