பூனைகளுக்கு வீடு தேடிய ஓராண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் பொருளாளருக்கும் செயற்குழுவினருக்கும், இந்த ஆண்டு முழுக்கத் தங்கள் வீட்டில் ஓர் அறையைப் பூனைகளுக்கு விட்டுக்கொடுத்த உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எத்தனை பூனைகளை மீட்டோம், எத்தனைக்கு வீடு கிடைத்தது, எத்தனை இன்னும் காத்திருக்கின்றன என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்கும் தாளில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதையே நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. இந்த அறிக்கையில் ஒரு பூனையைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன், ஏனென்றால் இந்த ஆண்டு நாம் செய்த பெரிய தவறும், அதற்கப்புறம் நாம் மாற்றிக்கொண்ட வேலை முறையும் அந்தப் பூனையால்தான் வந்தன.

சாம்பல் நிறப் பெண் பூனை. ஒரு காதில் பழைய கிழிசல். பல்லைப் பார்த்து, வயது 4 இருக்கலாம் என்றார் மருத்துவர். வளர்த்தவர்கள் வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், பூட்டிய கதவுக்கு முன்னால் அது பல நாள் உட்கார்ந்தே இருந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர்தான் நமக்குத் தகவல் சொன்னார். நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் தற்காலிகமாக வைத்திருந்தோம். கருத்தடை, தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் முடிந்தும் கூச்சம் மட்டும் போகவில்லை. பகலெல்லாம் கட்டிலுக்கு அடியில். இரவு விளக்கை அணைத்து வீடு அடங்கியபிறகு மெதுவாக வெளியே வந்து, அந்த உறுப்பினரின் பாதத்தை ஒட்டிப் படுத்துக்கொள்ளும், மடிக்கு வராது, தூக்கினால் உடம்பு விறைத்துப்போகும். ஆனால் பாதத்தை ஒட்டிப் படுக்கும். இதை அவர் நம் குழுவில் எழுதியும் இருந்தார். நாம்தான் அதைச் சரியாகப் படிக்கவில்லை.

அது குட்டிகள் குவியும் சமயம். அட்டைப்பெட்டியில் கண் திறக்காத குட்டிகள் வந்துகொண்டே இருந்தன, இடம் இல்லை. அப்போது ஒரு குடும்பம் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது. நல்ல மனிதர்கள், இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு நாய். ஓர் அறை காலியாகுமே என்ற நினைப்பில் வீட்டைப் போய்ப் பார்க்காமல் போனிலேயே சரி சொல்லி, அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். சரி சொன்னது நான்.

கூடத்தின் நடுவில் கூண்டைத் திறந்ததும் அது நேராக வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டது. பிள்ளைகள் ஆசையாகக் கையை விட்டுக் கூப்பிட்டதில் ஒரு குழந்தைக்குக் கீறல். மூன்றாம் நாள் போன் வந்தது, வந்ததிலிருந்து ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை என்று. நான் போய் மெஷினை இழுத்துப் பார்த்தேன். சுவர் மூலையில் தண்ணீர்க் குழாய்க்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கில் தன்னை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண்ணில் நிறமே தெரியவில்லை, பாவை முழுக்க விரிந்து கறுப்பாக இருந்தது. பக்கத்தில் வைத்த உணவு மேலே ஏடு படிந்து காய்ந்து கிடந்தது. மீசையில் ஒட்டடை.

பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாமல் இருப்பது "பயந்திருக்கிறது, பசித்தால் தானே சாப்பிடும்" என்று விட்டுவிடும் விஷயம் இல்லை. பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து, ஈரலே வேலை செய்யாமல் போகலாம், சதைப்பிடிப்பான பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு முழு நாள் சாப்பிடவில்லை என்றாலே மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது. நம் பூனை அந்த அளவுக்குப் போகாமல் தப்பித்தது, சில நாள் சிகிச்சையில் தேறிவிட்டது. அந்தக் குடும்பத்தின் மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. பொருந்தாத பூனையை அவர்கள் கையில் கொடுத்தது நாம். திருப்பி ஒப்படைக்கும்போது அந்த மூத்த பிள்ளை அழுததை நான் மறக்கவில்லை.

அதற்கப்புறம் செயற்குழு கூடி முடிவெடுத்தது. இனி நேரில் போய்ப் பார்க்காமல் எந்தப் பூனையும் போகாது. பூனை கேட்பவரிடம் நாம் கேட்கும் கேள்விகள் அவரைப் பரீட்சை வைப்பதற்கு அல்ல. வீட்டில் எவ்வளவு சத்தம், பகலில் யார் இருப்பார்கள், ஜன்னல்களுக்கு வலை உண்டா, வேறு விலங்கு இருக்கிறதா, வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதித்தாரா, இதெல்லாம் தெரிந்தால்தான் எந்தப் பூனை அங்கே பொருந்தும் என்று நமக்குத் தெரியும். ஒருவருக்கு "இந்தப் பூனை உங்களுக்கு வேண்டாம், அந்தப் பூனை சரியாக இருக்கும்" என்று சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

புது வீட்டில் முதலில் ஓர் அறை மட்டும். அதிலேயே உணவு, தண்ணீர், கொஞ்சம் தள்ளி மலஜலம் கழிக்க மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி. தற்காலிக வீட்டில் அது படுத்திருந்த துணியைத் துவைக்காமல் அப்படியே கூட அனுப்புகிறோம், அந்த வாசனைதான் அதற்கு அங்கே தெரிந்த ஒரே பொருள். மணலையும் உணவையும் முதல் சில வாரம் மாற்றக் கூடாது. பூனை வளர்ப்பவர்கள் 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: பயம் தணிய 3 நாள், வீட்டு நடைமுறை பழக 3 வாரம், இது தன் வீடு என்று நம்ப 3 மாதம். எல்லாப் பூனைக்கும் இது அச்சாக ஒத்துவராது, ஆனால் "ஒரு வாரமாகியும் மடிக்கு வரவில்லையே" என்று கவலைப்படுபவரிடம் சொல்ல இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. இரண்டாம் நாளும் ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் நாமே போன் செய்கிறோம். எந்தக் காரணத்துக்காக வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் பூனை நம்மிடமே திரும்ப வர வேண்டும், வேறு யாருக்கும் கைமாறக் கூடாது என்று எழுதி வாங்குகிறோம்.

குட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்துக் கொடுப்பதில்லை. பிறந்த 2ஆம் வாரத்திலிருந்து 7ஆம் வாரம் வரைதான் குட்டி மனிதர்களை எளிதாகப் பழகிக்கொள்ளும் காலம், அதனால் தற்காலிக வீட்டுக்காரர்கள் தினமும் கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டும், அதுவும் வேலைதான். கருத்தடை செய்யாமல் "வளர்ந்ததும் செய்துகொள்கிறோம்" என்ற வாக்குறுதியை நம்பி இனி பெண் குட்டியை அனுப்புவதில்லை. 4 மாதத்திலேயே சினை பிடிக்கலாம், 2 மாதத்துக்குச் சற்று மேல் போனால் குட்டி போட்டுவிடும்.

இந்த ஆண்டு என்னை அதிகம் வருத்தியது இன்னொன்று. வீட்டில் ஒருவர் கர்ப்பமானதும், பல ஆண்டு வளர்த்த பூனையைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறார்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடியது என்பது உண்மை, பயம் நியாயமானது. ஆனால் பூனையின் மலத்தில் வெளியேறும் அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். மணல் தட்டை வீட்டில் வேறொருவர் தினமும் சுத்தம் செய்தாலே பெரும்பாலான ஆபத்து போய்விடும். சரியாக வேகாத இறைச்சியாலும் கழுவாத காய்கறியாலும்கூட இது வரும். இதை உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னபோது சிலர் பூனையைத் திரும்ப அழைத்துப்போனார்கள். அந்தப் பத்து நிமிடப் பேச்சு ஒரு பூனைக்கு வீடு தேடும் பல மாத வேலையை மிச்சப்படுத்தியது.

சாம்பல் பூனைக்கு இரண்டாவது வீடு கிடைத்தது. தனியாக இருக்கும் பெரியவர் ஒருவர், சத்தமில்லாத வீடு. "ஐயா, இது மடிக்கு வராமலே போகலாம், பரவாயில்லையா?" என்று கேட்டேன். "வீட்டில் இன்னோர் உயிர் இருக்கிறது என்பதே எனக்குப் போதும்மா" என்றார். நாங்கள் சொன்னபடி ஓர் அறை, பழைய துணி, எல்லாம் செய்தார். கூப்பிடவில்லை, தேடவில்லை, அந்த அறையில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டு இருந்தாராம். 19ஆம் நாள் ஒரு படம் அனுப்பினார். அதில் அவர் முகம் இல்லை. வேட்டி விளிம்பு, ஒரு செருப்பில்லாத பாதம், அதை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு.

தற்காலிக வீடு கொடுத்த ஒவ்வொருவருக்கும், நள்ளிரவில் போன் எடுத்த மருத்துவர்களுக்கும், கூண்டைத் தூக்கிக்கொண்டு அலைந்த இளைஞர்களுக்கும் சங்கத்தின் நன்றி. வரும் ஆண்டுக்கு நமக்கு முதலில் வேண்டியது பணத்தைவிடவும் அறைகள்தான். ஒரு சின்ன அறை, கதவு மூடுகிற மாதிரி இருந்தால் போதும், தயவுசெய்து கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

அப்புறம், இன்னும் காத்திருக்கும் கறுப்பு ஆண் பூனையைப் பற்றி ஒரு வார்த்தை. பரிசோதனையில் எஃப்ஐவி, அதாவது பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ், இருப்பதாக வந்ததால் கேட்டவர்கள் எல்லாரும் பின்வாங்கிவிட்டார்கள். அந்த வைரஸ் மனிதர்களுக்குத் தொற்றாது. பூனைக்குப் பூனை பரவுவதும் பெரும்பாலும் சண்டையில் ஆழமாகக் கடிபட்டால்தான். வீட்டுக்குள்ளேயே வைத்து நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல ஆண்டு நலமாக வாழும். வேறு பூனை இல்லாத வீடு வேண்டும். ஆளைப் பார்த்ததும் வயிற்றைக் காட்டிப் புரளும், தாடைக்கு அடியில் சொறிந்தால் எச்சில் வடியும் அளவுக்குச் சொக்கிப்போகும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நான் அந்தப் பூனை இருக்கும் இடத்தில்தான் இருப்பேன், வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்