பவளத் தொட்டி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மழை கொட்டிய ஐப்பசி நீங்கலாக மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக, வீடுகளில் கடல்நீர் நிரப்பி நாம் உயிர்ப் பவளம் வளர்க்கும் தொட்டிகளுக்கு வருகிறேன்.

இந்த ஆண்டின் பெரிய செலவு ஒளிமானி. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை மட்டும் அளக்கும் இந்தக் கருவியைத் தனி ஒருவர் வாங்குவது சிரமம் என்பதால் சங்கப் பணத்தில் வாங்கினோம். "பவளம் வாடுவதே வெளிச்சம் போதாமல்தான், அந்தப் பணத்துக்கு விளக்குகளே வாங்கலாமே" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். கருவி வீடு வீடாகப் போனபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. காளான் பவளமும் பொத்தான் பவளமும் 50 முதல் 150 மைக்ரோமோல் (இந்தக் கருவி காட்டும் ஒளி அலகு) ஒளியில் நன்றாக வாழும். தக்கலையில் ஓர் இரண்டடித் தொட்டியின் உச்சிப் பாறையில் அளவு 300-ஐத் தாண்டியது. அங்கிருந்த காளான் பவளங்கள் ஓரம் சுருண்டு வெளுத்திருந்தன. பாறைக்கு அடியில், நிழலில் தற்செயலாக விழுந்து கிடந்த ஒன்று மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது.

நம்மை ஏமாற்றியது நம் கண்தான். மனிதக் கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும்தான் பளிச்சென்று தெரியும்; 420 முதல் 480 நானோமீட்டர் வரையிலான நீலம் மங்கலாகவே படும். பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிகளுக்கோ அந்த நீலம்தான் முக்கியச் சாப்பாடு. அறை இருட்டாக இருக்கிறதே என்று நாம் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். ஒளி மிஞ்சும்போது அந்தப் பாசிகளில் திசுவை அரிக்கும் நச்சு ஆக்ஸிஜன் உருவாகிறது. பவளம் பாசிகளை வெளியே தள்ளிவிடுகிறது. நிறமும் உணவும் ஒன்றாகப் போய்விடுகின்றன. தக்கலைத் தொட்டியில் விளக்கைப் பாதியாகக் குறைத்து, நாளுக்கு 8 மணி நேரம் மட்டும் எரியவிட்டோம். இரண்டு மாதத்தில் நிறம் திரும்பியது. புதிய விளக்கு மாட்டுகிறவர்கள் பாதி அளவில் தொடங்கி, வாரத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டாம்.

வெப்பம் இதோடு சேர்ந்தால் சேதம் பெருகும். பூமியில் நான்காவது உலகளாவிய பவள வெளுப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று 2024 ஏப்ரல் 15 அன்று அறிவிப்பு வந்தது. அந்தக் கோடையில் நம் தொட்டிகளிலும் நீர் 31 டிகிரியைத் தொட்டது. நாம் விரும்புவதோ 25, 26. குளிர்விக்கும் கருவி வாங்க இயலாதவர்கள் சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பை நோக்கி வைத்தார்கள். ஆரல்வாய்மொழியில், கணவாயின் வறண்ட காற்றில், அது 3 டிகிரி வரை குறைத்தது. ஈரக்காற்று வீசும் தேங்காய்ப்பட்டணத்தில் 1 டிகிரிகூடக் குறையவில்லை. ஆனால் ஆரல்வாய்மொழியில் நீர் வேகமாக வற்றியது. உறுப்பினர் அந்தக் குறையைக் கடல்நீரால் நிரப்பிவந்தார். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. வற்றிய அளவுக்கு, உப்பு நீக்கிய ஆர்.ஓ. நீர்தான் ஊற்ற வேண்டும்.

உப்பைப் பற்றி என் தவற்றையும் பதிவு செய்கிறேன். நீரின் உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்.ஓ. நீரில் பூஜ்யம் காட்டும்படி திருத்திவிட்டு நெடுநாள் அதையே நம்பினேன். கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள அளவுக் கரைசலை விட்டுப் பார்த்தபோது 32 காட்டியது. அதாவது 35 என்று எண்ணி நான் 38-ல் வைத்திருந்தேன். நான் அருமையாக வளர்த்த தோல் பவளம் வாரக்கணக்கில் கைகளை விரிக்காமல் நின்ற காரணம் அன்றுதான் புரிந்தது. இனி ஒவ்வொரு கூட்டத்திலும் அளவுக் கரைசல் மேசையில் இருக்கும்.

நமக்குக் கடல் பக்கத்தில் இருப்பது வரம். அந்த வரத்துக்கும் பருவம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றில் அலை மணலைக் கிளறும்; அடிநீர் மேலெழுந்து சத்துகளைக் கொண்டுவரும்; அப்போது எடுத்த நீரில் பாசி மண்டும். மழைக்குப் பின் மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் போன்ற ஆற்று முகங்களில் எடுத்தால் உப்பு குறைந்திருக்கும். தை முதல் பங்குனி வரை, முகத்துவாரத்தை விட்டுத் தள்ளி, தெளிந்த நாளில் எடுத்து, வடிகட்டி, மூடிய டிரம்மில் காற்றோட்டத்தோடு இரண்டு வாரம் இருட்டில் வைத்த நீரே நமக்கு நன்றாகப் பயன்பட்டது. மற்ற மாதங்களுக்கு, ஆர்.ஓ. நீரில் கரைத்துக் கடல்நீராக்கும் உப்புக்கலவையே நல்லது என்பது என் கருத்து.

நீரிலுள்ள சத்துகளான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பாஸ்பேட் நீக்கியை அளவுமீறிப் போட்ட இரண்டு தொட்டிகளில் பழுப்பு நிறக் கொழகொழப்பு பாறையெல்லாம் மூடியது. லிட்டருக்கு நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 மில்லிகிராம் அளவில் இருந்தால், கல் கூடு இல்லாத மென்பவளங்களுக்குக் குறையில்லை. காரத்தன்மை (pH அல்ல, dKH அளவு) 8-லோ 9-லோ, எந்த எண்ணாக இருந்தாலும் அதே எண்ணில் நிற்க வேண்டும்.

2017-ல் ஒக்கி புயல் அடித்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனதை இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு எல்லோர் வீட்டிலும் இருக்கட்டும்.

சட்டம் குறித்துக் கண்டிப்பாகவே சொல்கிறேன். சுண்ணாம்புக் கூடு கட்டும் கல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவிலிருந்தோ நம் கரையிலிருந்தோ உயிருள்ளதோ செத்ததோ ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. நம் தொட்டிப் பாறைகளைச் சிமெண்டும் சிப்பித்தூளும் கலந்து நாமே வார்த்துக்கொள்கிறோம்; காரம் இறங்கும் வரை வாரக்கணக்கில் நல்லநீரில் ஊறவைக்கிறோம். அந்த வேலைக்கு வந்த இளைஞர்களுக்கு நன்றி.

தோல் பவளத்தை வெட்டிப் பெருக்கும் செயல்விளக்கத்துக்கு நல்ல கூட்டம். பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டக் கூடாது; அவை ஒட்டிய பாறையை ஒருபோதும் வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிடக் கூடாது, அந்த ஆவியே மருத்துவமனைக்கு அனுப்பிவிடும்.

ஒளிமானியை இரவல் பெறுபவர்கள் மூன்று நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் தங்கள் தொட்டி நீரில் அரை லிட்டரும், வீட்டிலுள்ள ரிஃப்ராக்டோமீட்டரும் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்
நாகர்கோவில்