புதியவரை இரண்டாவது வண்டியாக விடுங்கள்: ஏலகிரி ரைடு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்து வார இறுதிகளில் ஏலகிரிக்கு ரைடு அழைத்துச் செல்லும் மோட்டார் சைக்கிள் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

முதல் ரைடுக்கு நீங்கள் ஏலகிரியைத் தேர்ந்தெடுப்பதில் தப்பே இல்லை. சுமார் 230 கிலோமீட்டர், பெரும்பகுதி நெடுஞ்சாலை, கடைசியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். 70 வளைவுள்ள கொல்லிமலையோடு பார்த்தால் இது பழகுவதற்கு ஏற்ற மலைதான். எங்கள் வருத்தம் வேறு. தனியாகப் பல வருடம் நன்றாக வண்டி ஓட்டியவர்கூட, குழுவில் முதல்முறை சேரும்போது புதியவர்தான். அவரை நீங்கள் வரிசையின் கடைசியில் விடுகிறீர்கள். "மெதுவா வாங்க, நாங்க வெயிட் பண்றோம்" என்று அக்கறையோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் வரிசையிலேயே அதிக வேகம் போக வேண்டிவரும் இடம் அதுதான்.

கணக்கைப் பாருங்கள். எட்டு வண்டிகள் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகின்றன. குறுக்கே ஒரு வேகத்தடை. எல்லோரும் நெருங்கி வந்து, ஒருவர் பின் ஒருவராக ஏறி இறங்குகிறார்கள். முன்னால் உள்ளவர் கிளம்பியதைப் பார்த்து, கியர் போட்டுக் கிளம்ப ஆளுக்கு 2 விநாடி கூடுதலாகப் பிடித்தாலே எட்டாவது வண்டிக்கு 14 விநாடி தாமதம். லீட் வண்டி, அதாவது குழுவை வழிநடத்துபவர் ஓட்டும் முதல் வண்டி, தடையைத் தாண்டியதும் மறுபடி 80-ஐப் பிடித்துவிட்டால், அந்த 14 விநாடியில் கூடுதலாக 310 மீட்டர் போயிருக்கும். அந்த இடைவெளியை மூட எட்டாவது ஆள் 100-ல் ஏறக்குறைய ஒரு நிமிடம், அதாவது ஒன்றரைக் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அதற்குள் அடுத்த வேகத்தடை வந்துவிடும். லீட் நாள் முழுக்க 80-ஐத் தாண்டாமலே ஓட்டியிருப்பார். கடைசி ஆள் நாள் முழுக்க 100-ல் துரத்தியிருப்பார்.

அதனால்தான் புதியவர் இரண்டாவதாக, லீட் வண்டிக்கு நேர் பின்னால் வர வேண்டும் என்கிறோம். லீட் தன் கண்ணாடியில் அவரைப் பார்த்தே வேகத்தை வைக்கலாம். அவர் வளைவில் தயங்கினால் அடுத்த வளைவுக்கு இன்னும் முன்னதாகவே வேகத்தைக் குறைக்கலாம். அனுபவசாலிகள் பின்னால் வரட்டும். இரண்டு புதியவர்கள் இருந்தால் இரண்டாவது, நான்காவது இடம். நடுவில் பழகிய ஒருவர். ஒரு குழுவில் ஏழு வண்டிக்கு மேல் வேண்டாம். இருபது பேர் வந்தால் மூன்று குழு, ஒவ்வொன்றுக்கும் தனி லீட், தனி ஸ்வீப் (கடைசியில் வரும் அனுபவசாலி), பத்து நிமிட இடைவெளியில் கிளம்பலாம். ஸ்வீப்புக்குப் பளிச்சென்ற மஞ்சள் ஜாக்கெட் கொடுங்கள். தடையைத் தாண்டிய லீட், அந்த மஞ்சள் ஜாக்கெட் தன் கண்ணாடியில் தெரியும்வரை 50-ஐத் தாண்டக் கூடாது. இந்த ஒரு பழக்கம் இருந்தாலே துரத்தல் பாதி நின்றுவிடும்.

அடுத்தது வரிசை. வெளிநாட்டு வீடியோக்களில் லீட் லேனின் இடப்பக்கம் ஓட்டுவதைப் பார்த்து, இங்கேயும் சிலர் அப்படியே செய்கிறார்கள். அந்த நாடுகளில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். நமக்கு லீட் லேனின் வலது ஓரப் பகுதியில், இரண்டாவது வண்டி இடது பகுதியில், மூன்றாவது மறுபடி வலதில். பக்கத்து வரிசை வண்டிக்கும் உங்களுக்கும் 1 விநாடி, நேர் முன்னால் உள்ள வண்டிக்கும் உங்களுக்கும் 2 விநாடி. 80-ல் 2 விநாடி என்பது 44 மீட்டர். புதியவருக்கு அது மிக அதிகமாகத் தெரியும், நெருங்கத்தான் பார்ப்பார். ரோட்டோர மைல்கல்லையோ கம்பத்தையோ முன் வண்டி தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணச் சொல்லிக் கொடுங்கள். எண்ணி முடிக்கும் முன் அவரும் அதே இடத்தைத் தாண்டினால் நெருக்கம் அதிகம் என்று அர்த்தம். மழை, இருட்டு, மணல், மாற்றுப்பாதை, வளைவு என்று எது வந்தாலும் ஒற்றை வரிசைதான். ஜோடியாக, ஹேண்டில்பாருக்கு ஹேண்டில்பார் ஒட்டி ஓட்டுவது எங்கேயும் வேண்டாம். பள்ளம் வந்தால் ஒதுங்க இடமே இருக்காது.

ஓவர்டேக்கை ஆளுக்கு ஆள் தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும். லாரியைத் தாண்டிய லீட் கையைக் காட்டி "வாங்க" என்பது வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அவர் கை காட்டிய நேரத்தில் இருந்த இடைவெளி, மூன்று விநாடி கழித்துப் பின்னால் வருபவருக்கு இருக்காது. லீட் செய்ய வேண்டியது, தாண்டிய பிறகும் கொஞ்ச தூரம் வேகத்தை விடாமல் போய், பின்னால் வருபவர் லாரிக்கு முன்னால் வந்து சேர இடம் விடுவது. தாண்டிய உடனே லீட் வேகத்தைக் குறைத்தால், பின்னால் வருபவர் லாரியின் பக்கவாட்டிலேயே மாட்டிக்கொள்வார்.

கை சைகைகள் ஆறு போதும்: ஒற்றை வரிசை, இரட்டை வரிசை (மேலே சொன்ன வலது-இடது வரிசை), வேகம் குறை, நிறுத்து, பெட்ரோல், பள்ளம். கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே எல்லோரையும் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். இடப்பக்கப் பள்ளத்துக்கு இடது கை, வலப்பக்கப் பள்ளத்துக்கு வலது கால்; ஆக்ஸிலரேட்டரிலிருந்து கையை எடுக்க வேண்டியதில்லை. புதியவர் சைகையைப் பின்னால் கடத்தாவிட்டாலும் பரவாயில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள். அவருக்கு இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருப்பதுதான் முக்கியம்.

இந்த வழியில் குழு உடையும் இடங்கள் தெரிந்தவைதான். நெமிலி, சென்னசமுத்திரம், பள்ளிகொண்டா சுங்கச்சாவடிகளில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை. இடது ஓரப் பாதையில் போய்விடலாம். ஆனால் அந்தப் பாதை குறுகல், மணல் சேர்ந்திருக்கும், எதிரே நடந்து வருபவர்களும் உண்டு. ஒற்றை வரிசையில் 20-ல் போங்கள். தாண்டியதும் அங்கேயே ஓரம் கட்டி நிற்காதீர்கள். சாவடியிலிருந்து வேகமெடுக்கும் லாரிகள் அந்த ஓரத்தைத்தான் எடுக்கும். அடுத்த பெட்ரோல் பங்குக்குள் போய்ச் சேருங்கள். ஊர்களை ஒட்டிய இடங்களில் இடது ஓரத்திலேயே எதிர்த்திசையில் வண்டிகள் வரும், விளக்கில்லாமல் லாரிகள் நிற்கும். விடியும் முன் கிளம்பும் குழுக்கள் இதை மனதில் வைக்க வேண்டும். 4 மணிக்குக் கிளம்புவதைவிட, பூந்தமல்லி தாண்டும்போது வெளிச்சம் வந்துவிடும்படி கிளம்புவது நல்லது.

பெட்ரோலுக்குச் சின்ன டேங்க் வண்டிதான் அளவுகோல். அந்த வண்டி நிரப்பும்போது எல்லோரும் நிரப்ப வேண்டும். "எனக்குப் போதும்" என்று ஒருவர் சொன்னால், இருபது கிலோமீட்டரில் அவருக்காக எல்லோரும் மறுபடி நிற்க வேண்டிவரும். புதியவர் இருந்தால் 60 கிலோமீட்டருக்கு ஒருமுறை, பத்து நிமிடம். மணிக்கட்டும் முதுகும் விறைப்பதை அவர் தானாகச் சொல்ல மாட்டார்.

யாராவது பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்து சொல்லுங்கள். பின்தங்கியவர் தன் வேகத்தில், சொன்ன வழியில், அடுத்த நிறுத்தத்துக்கு வருவார். லீட் அங்கே காத்திருப்பார். அவ்வளவுதான். யாரும் யூ டர்ன் போட்டுத் தேடப் போகக் கூடாது, எதிர்த்திசையில் ஓட்டிப் போகவே கூடாது. பஞ்சரானால் ஸ்வீப் மட்டும் நிற்பார், மற்றவர்கள் நகர்ந்துவிட வேண்டும். பத்து வண்டிகள் நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக நின்று வேடிக்கை பார்ப்பது பஞ்சரைவிடப் பெரிய ஆபத்து. நிற்கும் ஸ்வீப்பும் வண்டியின் மேல் உட்காராமல் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கட்டும்.

குழுவுக்கு ஒரு ட்யூப்லெஸ் பஞ்சர் கிட், ஒரு சின்ன ஏர் பம்ப், ஸ்போக் வீல் வண்டி இருந்தால் அதற்கேற்ற ட்யூப்பும் டயர் லீவரும், கிளட்ச் கேபிள் ஒன்று. இவை ஸ்வீப்பிடம் இருக்க வேண்டும், லீட்டிடம் அல்ல. டயர் காற்றை வண்டி சூடாவதற்கு முன் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்கு எவ்வளவு என்பது வண்டியிலேயே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பையைக் கட்டும் ரப்பர் கயிற்றின் நுனி தொங்கினால் செயினில் சிக்கும். பின்னால் உட்காருபவரின் துப்பட்டாவும் அப்படித்தான். ஜாக்கெட்டுக்குள் செருகிய பிறகே வண்டி நகர வேண்டும். ஹெல்மெட் இருவருக்கும் கட்டாயம் என்பது சட்டம். பட்டையைப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது உங்கள் வேலை. எல்.எல்.ஆர் மட்டும் வைத்திருப்பவரை அன்போடு திருப்பி அனுப்புங்கள்.

இனி மலை. ஏலகிரியின் வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையோடு படம் எடுக்க வளைவிலேயே நிறுத்துவது எல்லாக் குழுவிலும் நடக்கிறது. மேலே போய் எடுத்துக்கொள்ளலாம். வளைவில் ஒரு நொடியும் வண்டி நிற்கக் கூடாது. அடிவாரத்தில் எல்லோரும் நின்று, ஒற்றை வரிசையாகி, இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டு ஏறுங்கள். முன் வண்டி வளைவைவிட்டு வெளியேறிய பிறகே அடுத்தது நுழைய வேண்டும்.

புதியவர் தடுமாறுவது இடப்பக்க வளைவில்தான். ஏறும்போது நமக்கு அது உள்பக்கம். சின்ன வட்டம், செங்குத்து அதிகம். மூன்றாவது கியரில் நுழைகிறார், பாதியில் இன்ஜின் திணறுகிறது, பயத்தில் கிளட்சைப் பிடிக்கிறார், வண்டி நின்று பின்னால் உருளத் தொடங்குகிறது. முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் நிற்காமல் போகலாம். ஏற்றத்தில் எடையின் பெரும்பகுதி பின் சக்கரத்தில் இருப்பதால் முன் சக்கரம் பூட்டியபடியே வழுக்கலாம். பின் பிரேக்கில் வலது கால், தரையில் இடது கால், முதல் கியர், கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக் கிளட்சை மெல்ல விட்டபடி பிரேக்கை விட வேண்டும். இதை அடிவாரத்துச் சரிவில் மூன்று முறை செய்ய வைத்துவிட்டு மேலே கூட்டிப் போங்கள். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே முதல் அல்லது இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். கண் வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். தடுப்புச் சுவரைப் பார்த்தால் வண்டியும் அங்கேதான் போகும். வலப்பக்க வளைவில் ஆபத்து வேறு மாதிரி: குறுக்கே வெட்டி எதிர் வண்டியின் பாதைக்குள் போய்விடுவார்கள். பேருந்து வளைவில் திரும்பினால் அதற்கு முழுச் சாலையும் தேவை. வளைவுக்கு முன்பே இடது ஓரம் நின்று வழி விடுங்கள்.

இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவது, கிளட்சைப் பிடித்தபடி வருவது இரண்டுமே பிரேக்கைச் சூடாக்கிப் பிடிப்பை இழக்கச் செய்யும். எரிந்த வாடை வந்தாலோ, லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ, வளைவுகளுக்கு நடுவே நேரான அகலமான இடத்தில் நின்று கால் மணி நேரம் ஆற விடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள், அநேகருக்குத் தெரிவதில்லை.

பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வரும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்கத் தயங்கும் குழுக்கள் இருக்கின்றன. தயங்காதீர்கள், ஆனால் அந்த வண்டியைப் புரிந்துகொண்டு சேருங்கள். அது வளைவில் சாயாது. வேகமாகத் திரும்பினால் உள்பக்கச் சக்கரம் தரையைவிட்டு எழும்பும். அதனால் மற்றவர்கள் 30-ல் எடுக்கும் வளைவை அவர் 15-ல் எடுப்பார். முன் சக்கரம் தப்பிய பள்ளத்தில் பக்கச் சக்கரம் விழும், ஆகவே பள்ளச் சைகை அவருக்கு இன்னும் முன்னதாக வேண்டும். அவர் லேனின் நடுவில் ஓட்ட, பக்கவாட்டில் யாரும் வரக் கூடாது. ஸ்கூட்டரில் கியரைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்த வழியில்லை, எடையும் கூடுதல். எனவே இறக்கத்தில் நான்கைந்து வளைவுக்கு ஒருமுறை பிரேக் ஆற நிறுத்தம் வைத்தாக வேண்டும். அவருடைய வேகத்தையே குழுவின் வேகமாக வையுங்கள். முடியாதென்றால், இரண்டு துணை வண்டிகளோடு ஒரு மணி நேரம் முன்னதாக அனுப்புங்கள். எந்த நிலையிலும் தனியாக விடாதீர்கள்.

திரும்பும் வழியில் ஆம்பூரில் பிரியாணி என்பது எழுதாத விதி. சாப்பிடட்டும். ஆனால் அங்கிருந்து சென்னைக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, வேலூர் வெயிலும் சேரும். சாப்பிட்டு அரை மணி நேரமாவது உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். கண் சொக்கினால் நிறுத்தச் சொல்லும் உரிமை புதியவருக்கும் உண்டு என்பதை லீட் தன் வாயால் சொல்ல வேண்டும்.

விபத்து நடந்தால் ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்கப் போக வேண்டும். மூச்சு தடைப்பட்டால் தவிர ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்ட வரம்புக்குள், பணம் கட்ட வேண்டியதில்லை. பணம் புரட்டுவதற்காக யாரும் அழைத்துச் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்த வகையும் வீட்டு போன் எண்ணும் எழுதிய தாள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கட்டும். பூட்டிய போனிலிருந்து அவசரத்தில் எண் எடுக்க முடியாது.

ஸ்ரீபெரும்புதூர் வந்ததும் வரிசையைக் கலைத்துவிடுங்கள். நகரப் போக்குவரத்தில் குழுவாக ஓட்டக் கூடாது. சிக்னலில் ஒட்டிக்கொள்ள ஆரஞ்சைத் தாண்டுவார்கள். அங்கேயே கணக்கெடுத்து, தனித்தனியாக அனுப்பி, வீடு சேர்ந்ததும் குரூப்பில் செய்தி போடச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் ஒருவரிடமிருந்து செய்தி வராவிட்டால் அவர் வீட்டு எண்ணுக்கு லீட்தான் அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
குழுவாக வண்டி ஓட்டுவோர் சிலர்