கதிர்வீச்சு உணவு: லேபிள் முன்பக்கம் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம். உணவை கதிர்வீச்சு கொடுத்து பாதுகாக்குறத பத்தி நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன், பயமுறுத்தாம எழுதினதுக்கு நன்றி. கோபால்ட் 60-ங்கற கதிரியக்கப் பொருள்ல இருந்து வர்ற காமா கதிர் பொருளுக்குள்ள ஊடுருவி கிருமியோட டிஎன்ஏ-வ உடைச்சிட்டு போயிடுது, அதனால உணவு கதிரியக்கமா மாறாது, 10 கிலோகிரே (உணவு உள்வாங்குற கதிரோட அளவு) வரைக்கும் கொடுத்தா நச்சு அபாயம் இல்லைனு உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு 1980-லயே சொல்லிடுச்சு. அதனால என் கவலை கதிர் மேல இல்ல, அதுக்கு முன்னாடி அந்த சரக்கு எந்த நிலையில இருந்துச்சுங்கறதுதான். கிருமி செத்தாலும் அது ஏற்கனவே விட்டுட்டுப் போன நச்சு அப்படியே இருக்கும், அழுக்கும் போகாது. சுத்தமில்லாத தயாரிப்ப மூடி மறைக்க கதிர்வீச்ச பயன்படுத்தக் கூடாதுனு கோடெக்ஸ்ங்கற சர்வதேச உணவுத் தர விதியே சொல்லுது, பொதுவா ஒரே பொருளுக்கு ரெண்டாவது தடவை கொடுக்கவும் கூடாது. ஆனா வாங்குறவங்களுக்கு இது எப்படித் தெரியும்? நான் வாங்கின மிளகுத்தூள் பாக்கெட்ல கதிர் கொடுத்த உணவுன்னு காட்டுற பச்சை ரடூரா குறி பின்பக்கம், ஒட்டுற மடிப்புக்கு அடியில பாதி மறைஞ்சு கிடந்துச்சு, பிரிச்சுப் பார்த்தப்பதான் கண்ணுல பட்டுச்சு. குறிய முன்பக்கம் போடணும், எதுக்காக எந்த தேதியில கதிர் கொடுத்தாங்கன்னு ஒரு வரி சேர்க்கணும், கதிர் கொடுக்குறதுக்கு முன்னாடி எடுத்த கிருமி டெஸ்ட் ரிப்போர்ட்ட யார் வேணும்னாலும் பார்க்குற மாதிரி வெளியிடச் சொல்லி கட்டுப்பாட்டு அமைப்புகள் உத்தரவு போடணும்.

- ஒரு வாசகர்