பதினெட்டு பென்னிப் பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஆங்கில நாட்டுப்புறப் பாடல்கள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் போகிற போக்கில் வந்த ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கிலாந்தின் பண்ணையாட்கள் காதலையும் பருவங்களையும் பாடினார்களாம், கூலியைப் பாடவில்லையாம். பாடினார்கள் ஐயா. பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டே பாடினார்கள்.

1872 பிப்ரவரி 7ஆம் தேதி மாலை. வார்விக்‌ஷரில் வெல்ஸ்போர்ன் என்ற ஊர். ஒரு செஸ்ட்நட் மரத்தடியில் பன்றி அறுக்கும் மணை ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, பண்ணையாட்கள் சங்கமாகச் சேர வேண்டும் என்று ஜோசப் ஆர்ச் பேசினார். வேலி கத்தரிப்பதில் கெட்டிக்காரர், மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையின் பிரசங்கி. முப்பது பேர் வந்தாலே பெரிது என்று நினைத்துப் போனவருக்கு முன்னால் கூட்டம் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அவரைக்கொடி படரவிடும் கம்புகளில் லாந்தர்களைக் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். அடுத்த மாதமே வாரக் கூலி 16 ஷில்லிங் கேட்டு வேலைநிறுத்தம். மே மாதம் லெமிங்டனில் தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் உருவானது.

அந்தச் சங்கத்தின் கூட்டங்களில் பாட்டு இல்லாமல் பேச்சு இல்லை. பாடுவதற்கென்றே ஹோவர்ட் எவன்ஸ் என்ற பத்திரிகையாளர் ஒரு சிறு பாட்டுப் புத்தகம் தொகுத்தார். நம் ஊர்ப் பழைய பாட்டுப் புத்தகங்களில் தலைப்புக்குக் கீழே ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று போட்டிருக்குமே, அதே வழக்கம்தான் அங்கும். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, புதிய சொற்கள்.

மெட்டைத் தேர்ந்தெடுத்ததிலேயே குசும்பு இருக்கிறது. ‘அருமையான பழைய ஆங்கிலக் கனவான்’ என்று ஒரு பாட்டு அந்த நாட்டில் பிரசித்தம். குளிர்காலத்தில் மாளிகைக் கதவைத் திறந்து வைத்து ஏழைகளுக்கும் விருந்து வைத்த தயாள குணமுள்ள பிரபுவைப் புகழும் பாட்டு. (1841இல் நாவலாசிரியர் டிக்கன்ஸே அதைக் கிண்டல் செய்து ஒன்று எழுதினார்.) சங்கத்துக்காரர்கள் கனவானை இறக்கிவிட்டு அதே மெட்டில் ‘அருமையான பழைய ஆங்கிலக் கூலியாள்’ என்று பாடினார்கள். பண்ணைக்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, நாளுக்குப் பதினெட்டு பென்னிக்குக் குதிரையைப் போல உழைத்தவன் அவன். ஒன்பது போதாது, பத்து கொடுங்கள் என்று கேட்டால், திட்டித் தீர்த்து அந்த இடத்திலேயே வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பாட்டு போகிறது. பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங். ஆறு நாளைக்குப் பதினெட்டு வீதம் போட்டுப் பாருங்கள், 108 பென்னி, சரியாக 9 ஷில்லிங். அந்த ஒன்பதுதான் பாட்டில் வரும் ஒன்பது.

இடையில் ஒரு திருத்தம். 1834இல் டால்படில் கிராமத்து ஆறு பேர் ‘சங்கம் வைத்ததற்காக’ நாடுகடத்தப்பட்டதாகக் கட்டுரை சொல்கிறது. சங்கம் வைப்பதைத் தடுத்த சட்டம் 1824லேயே ரத்தாகிவிட்டது. அவர்கள்மேல் சாட்டப்பட்ட குற்றம் ரகசிய உறுதிமொழி எடுக்க வைத்தது. கடற்படைக் கலகத்துக்குப் பிறகு 1797இல் போட்ட ஒரு சட்டத்தைத் தேடி எடுத்து, வாரக் கூலி 7 ஷில்லிங்குக்கு இறங்கி 6 ஆகப் போகிறதே என்று தவித்தவர்கள்மேல் பாய்ச்சினார்கள். ஏழாண்டுத் தண்டனை. அவர்களில் ஜார்ஜ் லவ்லெஸும் மெதடிஸ்ட் பிரசங்கிதான். தீர்ப்புக்குப் பிறகு அவர் தாளில் எழுதிக் கூட்டத்தை நோக்கி வீசியது என்ன தெரியுமா? கீர்த்தனை வடிவில் சில வரிகள். ‘நாங்கள் விடுதலை பெறுவோம்’ என்பது அதன் பல்லவி. கூலியாட்கள் சேர்ந்து பாடப் பழகிய இடம் சபைதான். சங்கத்துக்கும் குரல் அங்கிருந்தே வந்தது.

அப்படியானால் நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளில் இவை ஏன் அதிகம் இல்லை? நாட்டுப்புறப் பாட்டுச் சேகரிப்பில் பெயர்பெற்ற செசில் ஷார்ப், 1903இல் சாமர்செட்டில் ஒரு பாதிரியாரின் தோட்டக்காரர் பாடியதைக் கேட்டுத்தான் பாட்டுச் சேகரிக்கத் தொடங்கினார். 1872இல் இளைஞராக இருந்த கூலியாட்களுக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல். பாட்டு மறந்திருக்காது. ஆனால் சேகரித்தவர்கள் கேட்டது வாய்மொழியாக வந்த, எழுதியவர் பெயர் தெரியாத பழம்பாட்டு. அச்சில் வந்த சங்கப் பாட்டு அந்தச் சல்லடையில் நிற்காது. அப்புறம், பாதிரியார் வீட்டு விருந்தாளி நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தால், பண்ணைக்காரரைத் திட்டுகிற பாட்டையா எடுத்துவிடுவார்கள்? இது என் ஊகம்தான். அந்தப் பாதிரியார் மார்சன் ஒரு சோஷலிஸ்ட் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கட்டுரையாளர் மெச்சுகிற ‘பண்ணைக்காரரின் பையன்’ பாட்டில், வேலை கேட்டு வந்த ஏழைப் பையன் கடைசியில் முதலாளி மகளைக் கட்டிக்கொண்டு பண்ணைக்கே சொந்தக்காரன் ஆகிவிடுகிறான். எந்த வீட்டிலும் தைரியமாகப் பாடலாம்.

அந்தச் சல்லடையில் நின்ற பாட்டும் உண்டு. 1830இல் கதிரடிக்கும் இயந்திரங்கள் குளிர்கால வேலையைப் பறித்தபோது தென் இங்கிலாந்து முழுக்க அவற்றை உடைத்தார்கள். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஐந்நூறு பேரளவில் நாடுகடத்தினார்கள். ஹாம்ப்ஷரின் அஸில்பரி கிராமத்து ஆட்கள் அதைப் பற்றிக் கட்டிய பாட்டு எழுபது ஆண்டுக்கு மேல் வாய்வழியாகவே உயிரோடிருந்து, ஜார்ஜ் கார்டினர் என்ற சேகரிப்பாளரிடம் வந்து சேர்ந்தது. தொடரின் அடுத்த பகுதியில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள். அதில் வீர முழக்கமெல்லாம் பெரிதாகக் கிடையாது. வின்செஸ்டர் சிறையில் காலை ஆறு மணிக்குச் சாவிக்கொத்தோடு வரும் காவலாளி, நாளுக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டி, பார்க்க வரும் அப்பா அம்மா கொண்டுவருகிற கொஞ்சம் புகையிலை. எல்லோரும் சேர்ந்து புகைத்து அந்த அறையில் இருக்க முடியாமல் போனதையும் மறக்காமல் பாட்டில் வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.