ப்ரீபோனும் கீதும்

வேலூர்
ஞாயிற்றுக்கிழமை இரவு

கண்ணு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. மீட்டிங்கை 'ப்ரீபோன்' செய்யலாமா, அதாவது முன்னாடியே வைத்துக்கொள்ளலாமா என்று நீ கேட்டதும் உன் மேனேஜர் சிரித்தார் என்றாய். இங்கிலீஷைத் திருத்திக்கொள்ள வகுப்பில் சேரப்போவதாகவும் சொன்னாய். அப்போது எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ப்ரீபோன் நம்மூரில் புழங்கும் வார்த்தைதான். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. 'டூ தி நீட்ஃபுல்' (ஆக வேண்டியதைச் செய்யவும்) இன்னும் வேடிக்கை. ஒரு காலத்தில் வெள்ளைக்காரனே கடிதத்தில் எழுதியது அது. அவன் விட்டுவிட்டான், நம் ஆபீஸ்கள் விடவில்லை. பிரெஞ்சு மொழியில் எது சரி என்று சொல்ல 1635-லேயே ஓர் அகாடமி வைத்தார்கள். இங்கிலீஷுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1712-ல் எழுதிப் பார்த்தார், நடக்கவில்லை. சாமுவேல் ஜான்சன் மொழியை ஓரிடத்தில் நிறுத்திவிடலாம் என்ற ஆசையோடுதான் அகராதி வேலையில் இறங்கினார். 1755-ல் அது அச்சாகும்போது, ஆகாத காரியம் என்று முன்னுரையில் அவரே ஒப்புக்கொண்டார். (இரவு டியூட்டியில் லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவனுக்குப் படிக்க நேரம் உண்டு.)

காந்தி ரோட்டில் நம் லாட்ஜுக்கு வருகிறவர்களை உனக்கே தெரியும். வங்காளம், அசாம், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது, எனக்கு வங்காளி வராது. 'டுமாரோ பிளட் கிவிங், மார்னிங் நோ ஈட்' என்பேன். ஒருவர்கூட மறுநாள் காலையில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டுப் போனதில்லை.

ஆனால் ஒருமுறை ஒருவர் எங்கோ எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்தார். அதில் 'பைவீக்லி' என்று இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருதடவை போனால் போதும் என்று நினைத்துக்கொண்டு ரூமிலேயே இருந்துவிட்டார். எழுதியவர் நினைத்ததோ வாரத்துக்கு இரண்டு தடவை. அகராதியைப் புரட்டினேன், இரண்டு பொருளுமே போட்டிருக்கிறது! பிழையில்லாத இங்கிலீஷ் ஒரு மனுஷனைப் பத்து நாள் அலைக்கழித்தது.

அதற்காக எதை வேண்டுமானாலும் பேசு என்று சொல்ல மாட்டேன். 2018-ல் காலேஜ் முடித்ததை 'பாஸ்ட் அவுட்' என்று வெள்ளைக்காரர்களிடம் சொன்னால், மயங்கி விழுந்தாய் என்றுதான் நினைப்பார்கள். அதை மாற்றிக்கொள். எதிரில் இருப்பவருக்குப் புரியாவிட்டால் மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். உன் மேனேஜருக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் சிரித்தார்.

எனக்கும் இது நடந்தது. திருச்சி ஹாஸ்டலில் முதல் நாள், 'தண்ணி எங்க கீது?' என்று நம்மூர்ப் பேச்சில் கேட்டேன். அறையே சிரித்தது. 'வந்துகினு' என்றாலும் சிரிப்புதான், அது 'கொண்டு' தேய்ந்து வந்தது என்று அப்போது எனக்கும் தெரியாது. இரண்டே மாதத்தில் நாக்கை மாற்றிக்கொண்டேன். லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது ஆயா, 'யார்ரா இவன், கலெக்டர் மாரி பேசறான்' என்றாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் கொஞ்சம் யோசித்துத்தான் பேசினாள்.

வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டாயென்றால் போய்விட்டு வா. கட்டவில்லையென்றால் ஒரு மாதம் பொறு.

இன்னொன்று. இதை எழுத உட்காரும் முன் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். பழக்கத்துக்காக இங்கிலீஷிலேயே எழுது என்று உன்னை நான் படுத்திய காலத்தில், நீ ஹாஸ்டலிலிருந்து எழுதிய கடிதங்கள் கிடைத்தன. ஒன்றில் 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்' என்று எழுதியிருக்கிறாய். சிவப்பு மையில் 'சின்ஸ்' என்பதை அடித்து, மேலே 'ஃபார்' என்று போட்டிருக்கிறேன். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டேனா, கண்ணு? எனக்கு ஞாபகமில்லை.

அப்பா