பதுங்கித் தாக்குதல் எல்லா மந்திரத்துக்கும் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பகடை உருட்டி மேசையில் ஆடும் கற்பனைப் பாத்திர விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரையே கேள்விப்படாதவருக்கும் விளங்கும்படி இருந்தது. ஆனால் திருடனைப் போல மறைந்து இயங்கும் ரோக் வகைப் பாத்திரம் இருளில் ஒளிந்திருந்து எந்த மந்திரத்தை ஏவினாலும் பதுங்கித் தாக்குதலின் கூடுதல் சேதம் அதனுடன் சேரும் என்று அதில் வந்த வரி, அந்த விளையாட்டின் எந்தப் பதிப்பின் பொது விதியோடும் ஒத்துப்போகவில்லை.

இந்தக் கேள்விக்கு மிக விரிவாகப் பதில் சொன்னது 2003-இல் வெளிவந்த 3.5 பதிப்பு. எதிரி தன்னைக் காத்துக்கொள்ள இயலாத கணத்தில் அவனுடைய உயிர்நிலையைக் குறிபார்த்து அடிப்பதுதான் பதுங்கித் தாக்குதல் என்பது அதன் விளக்கம். உயிர்நிலை என்று ஒன்று இல்லாத எலும்புக்கூடு, கற்சிலை, கூழ்ப்பூதம் போன்றவற்றிடம் அது பலிக்காது என்பதும் அதனாலேயே. குறிபார்க்கிறவர், அடி படுகிறதா என்பதைத் தீர்மானிக்கும் தாக்குதல் பகடையை உருட்டியாக வேண்டும். அதனால், தாக்குதல் பகடை உருட்டிச் சேதம் விளைவிக்கும் கதிர் மந்திரங்களுக்கும் தொடு மந்திரங்களுக்கும் ஆயுதத்தைப் போலவே பதுங்கித் தாக்குதல் உண்டு என்று 2004-இல் வந்த 'கம்ப்ளீட் ஆர்க்கேன்' என்ற துணைநூல் தெளிவுபடுத்தியது. ஒரு பரப்பு முழுவதையும் எரிக்கும் ஃபயர்பாலுக்கு அது இல்லை. மேஜிக் மிசைலுக்கும் இல்லை. அது ஒருபோதும் குறி தவறாது என்றாலும், உருட்டுவதற்கு அதில் பகடையே கிடையாது. நெருப்புக் கதிர் மந்திரமான ஸ்கார்ச்சிங் ரே ஒரே நேரத்தில் மூன்று கதிர்களைப் பாய்ச்சினாலும் முதல் கதிருக்கு மட்டுமே கூடுதல் சேதம் சேரும்.

சேரும் சேதம் எந்த வகையைச் சார்ந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அம்பு எய்தால் அது அம்பின் சேதம். மந்திரத்தில் சேர்ந்தாலோ அந்த மந்திரத்தின் வகையையே பெறும். மூன்று நிலை ரோக்காகவும் ஐந்து நிலை விசார்டாகவும் (மந்திரவாதியாகவும்) வளர்ந்த ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பதுங்கித் தாக்குதல் இரண்டு ஆறுமுகப் பகடை. அது வயதுவந்த சிவப்பு டிராகனின் மேல் ஸ்கார்ச்சிங் ரேயை ஏவினால், நெருப்பு அந்த டிராகனை ஒன்றும் செய்யாது என்பதால், மந்திரத்தின் நான்கு பகடைகளோடு பதுங்கித் தாக்குதலின் இரண்டு பகடைகளும் வீணாகும். அதே பாத்திரம் ரே ஆஃப் ஃபிராஸ்ட் என்ற அற்ப மந்திரத்தை ஏவினால், ஒன்று முதல் மூன்று வரையிலான அதன் சேதத்தோடு இரண்டு ஆறுமுகப் பகடைகளும் குளிர்ச் சேதமாகவே சேர்ந்து, குளிரைத் தாங்காத டிராகனுக்கு மொத்தமும் ஒன்றரை மடங்காகும். மந்திரத்தின் வீச்சு 35 அடி வரை போகும். ஆனால் பதுங்கித் தாக்குதலுக்கு 30 அடிக்குள் நிற்க வேண்டும். டிராகனின் மந்திரத் தடுப்பு 21. பகடையோடு விசார்ட் நிலையான 5-ஐக் கூட்டி அதை எட்ட வேண்டும் என்பதால், இருபதுமுகப் பகடையில் 16-க்குக் குறைந்தால் ஒன்றுமே நடக்காது. (எட்டாம் நிலைப் பாத்திரம் அந்த டிராகனின் முன்னால் போய் நிற்பது அறிவுடைமை அன்று, கணக்குக்காகச் சொல்கிறேன்.)

என் பார்வையில் இந்தப் பதிப்பின் ஏற்பாடு காரணத்தோடு கூடியது. ஆயினும் அதில் ஓர் ஓட்டை உண்டு. கதிர், பகைவனின் கவசத்தைத் துளைக்க வேண்டியதில்லை, அவன்மேல் பட்டாலே போதும். மேற்சொன்ன டிராகனின் கவச எண், அதாவது அதன்மேல் அடி படுவதற்குத் தாக்குபவர் எட்ட வேண்டிய எண், 29. கதிருக்கு எதிராக அது வெறும் 8. வாளோடு வரும் ரோக் 29-ஐ எட்டத் திணறும்போது, கதிரோடு வரும் ரோக் ஏறக்குறைய எப்போதும் குறி தவறாமல் அடிக்கிறார். பதுங்கித் தாக்குதலைப் பெற இருவர் இருபுறமும் நின்று எதிரியை வளைத்துக்கொள்ளும் முறை தொலைவிலிருந்து ஏவும் கதிருக்குப் பயன்படாது என்பது இதற்கு ஒரு கடிவாளம்தான். ஆனால் ஆளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து, தாக்கிய பின்னும் கலையாத கிரேட்டர் இன்விசிபிலிட்டி மந்திரம் கைவசமானால் அந்தக் கடிவாளமும் அறுந்துபோகும்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்தத் தொல்லையே வேண்டாமென்று அளவுகோலை மாற்றிவிட்டது. ஃபினெஸ் வகை (வலிமைக்குப் பதிலாக லாவகத்தால் வீசக்கூடிய) ஆயுதத்தாலோ தொலைவில் தாக்கும் ஆயுதத்தாலோ அடித்தால் மட்டுமே, அதுவும் ஆட்டத்தில் ஒருவரின் முறை வரும்போது ஒரு தடவை மட்டுமே, பதுங்கித் தாக்குதல் சேரும். நெருப்பை எறியும் ஃபயர் போல்ட் மந்திரத்துக்குத் தாக்குதல் பகடை இருந்தும் அது ஆயுதம் அல்லாததால் விலக்கப்பட்டது. மாறாக, பூமிங் பிளேடு என்ற மந்திரத்தை ஏவும்போது கையில் இருக்கும் கத்தியாலேயே அடிப்பதால் அதற்குத் தடையில்லை. ஷேடோ பிளேடு என்ற மந்திரம் ஃபினெஸ் ஆயுதத்தையே நிழலிலிருந்து உருவாக்குவதால் அதற்கும் தடையில்லை. மந்திரம் பயிலும் ரோக்கான ஆர்க்கேன் டிரிக்ஸ்டருக்கு ஒன்பதாம் நிலையில் வேறொரு சலுகை தரப்படுகிறது: எதிரியின் பார்வையில் படாமல் ஒளிந்திருந்து மந்திரம் ஏவினால், எதிரி தப்பிப்பதற்கு உருட்டும் பகடையை இருமுறை உருட்டிச் சிறியதை எடுத்துக்கொள்ள வேண்டும். பதுங்கியதற்கான பலன் சேதத்தைக் கூட்டாமல் தப்பும் வாய்ப்பைக் குறைப்பதாக அமைந்திருப்பது நயமான ஏற்பாடு.

கட்டுரையாளர் சொன்னதற்கு ஓரளவு அருகில் வருவது 3.5 பதிப்பின் விதிகளைத் தழுவி 2009-இல் வெளியான பாத்ஃபைண்டர் என்ற தனி விளையாட்டு. அதில் ஆர்க்கேன் டிரிக்ஸ்டர் பத்தாம் படியை அடைந்த பிறகு, சுதாரிக்காத எதிரிகள்மேல் ஃபயர்பால் ஏவினாலும் கூடுதல் சேதம் சேரும். எதிரி தப்பிச் சேதத்தைப் பாதியாக்கினால் அந்தக் கூடுதலும் பாதியாகும். ஆனால் அது ஒரு தனி வகுப்பின் கடைசிப் படியில் கிடைக்கும் தனிச்சலுகை.

ஐந்தாம் பதிப்பை ஆடும் குழுக்களில் ஃபயர் போல்ட்டுக்கும் பதுங்கித் தாக்குதலை அனுமதிக்கலாமா என்று ஆட்ட நடத்துநரைக் கேட்பவர்கள் உண்டு. ஐந்தாம் நிலையில் அந்த மந்திரம் சராசரியாக 11 சேதம் தரும். அதே நிலையில் குறுவில் ஏறத்தாழ 7.5 தரும். இந்த வேறுபாட்டால் ஆட்டம் குலையாது. பதினேழாம் நிலையிலோ மந்திரம் 22, வில் 8.5 என்றாகிவிடும், அப்போது வில்லைத் தொடுவார் யாரும் இருக்க மாட்டார்கள். எனவே பத்தாம் நிலை வரை அனுமதித்து, மந்திரம் மூன்றாவது பகடையைப் பெறும் பதினொன்றாம் நிலைக்கு முன்பே அதை மறுபரிசீலனை செய்வோம் என்று ஆட்டத்தைத் தொடங்கும்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.